ஜீப்பில் ஏறிப் போன என் குரல்

என் முகத்தை வைத்து யாருக்கும் என்னை அடையாளம் தெரியாது. வாயைத் திறந்தால் போச்சு. பேளுக்குறிச்சிச் சந்தையில் ஒரு நாள் மல்லி என்ன விலை என்று கேட்டேன். மூட்டைக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்த வியாபாரி நிமிராமலே, "ஏனுங்க, ரேடியோ அம்மணிங்களா? மரவள்ளி மாவுப்பூச்சிக்கு என்னமோ சொன்னீங்களே, அதை மறுபடி ஒருக்காச் சொல்லுங்க" என்றார். மல்லி வாங்கப் போனவள் மாவுப்பூச்சிக்கு வைத்தியம் சொல்லிவிட்டு வந்தேன். அந்த மனுஷன் விலையை மட்டும் குறைக்கவே இல்லை.

சமவெளியில் இருக்கிற அரசு வானொலி நிலையத்தில் நான் அறிவிப்பாளர். நிரந்தரம் இல்லை, கேஷுவல். மாதத்தில் சில நாள் பஸ் பிடித்துக் கீழே இறங்கி டியூட்டி பார்ப்பேன். மற்ற நாளெல்லாம் மலை மேல் எங்கள் வாழவந்தி நாட்டில் மிளகு, காப்பி, வீட்டுக்காரர், அவரோடு சண்டை. வாரம் ஒரு தடவை விவசாயிகள் போன் போட்டுப் பேசுகிற நேரலை என் பொறுப்பு. மலையில் அதைக் கேட்காத தோட்டம் குறைவு. பட்டன் போனில் இயர்போன் ஒயரை ஏரியலாகச் செருகி, ஸ்பீக்கரைத் திறந்து சில்வர் ஓக் மரத்தில் மாட்டிவிட்டு, ஏணியில் ஏறி மிளகு பறிப்பார்கள். என் குரல் கீழேயிருந்து பேசிக்கொண்டிருக்கும். எனக்கு அதில் பெருமையோ பெருமை. இல்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் நங்கை உள்ளாட்சித் தேர்தலில் நின்றார். நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அடுத்த வளவில், அதாவது பக்கத்துக் குடியிருப்பில், வீடு. மகளிர் குழுவை நடத்துகிறவர். ஆபீஸில் போய் நின்றாரானால் காரியம் முடியாமல் திரும்ப மாட்டார். பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு மனு போட்டுவிட்டு நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார்.

"கண்ணு, நீ ஜீப்புல ஏறி நாலு வார்த்தை பேசினாப் போதும். இந்த மலையில உன்ற வாயை நம்பாதவன் எவன் இருக்கான்?"

பேச எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மைக், கூட்டம், அதிலும் என் நங்கைக்காக! எந்த ஊரில் எப்படி ஆரம்பிக்கலாம் என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று அடுத்த டியூட்டியில் நிலையத்தில் கேட்டேன். பொறுப்பில் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பிரசாரத்துக்குப் போனா இந்த மைக் பக்கம் வர முடியாதும்மா" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். மாதத்தில் சில நாள் கூலி கொடுத்துவிட்டு முப்பது நாள் வாயையும் குத்தகைக்கு எடுத்துவிட்டார்களா? நடிகர் பேசலாம், பாட்டுக்காரர் பேசலாம், நான் பேசினால் மட்டும் மலை சரிந்துவிடுமா? திரும்பி வருகிற பஸ்ஸில், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பதிலாக மனசுக்குள் அந்த அம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

முன் சீட்டில் இருந்தவர் திரும்பினார். நங்கையை எதிர்த்து நிற்கிற அம்மாவின் வீட்டுக்காரர். என் நேரலைக்கு வாராவாரம் முதல் போன் இவருடையதுதான். மிளகு வாடல், காப்பித் துளைப்பான், பன்றித் தொல்லை என்று ஏதாவது ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கும்.

"அம்மணி, உங்க நங்கை நிக்கறாங்க, என்ற ஊட்டுக்காரியும் நிக்கறா. நீங்க அவிங்களுக்குப் பேசினா அது நாயந்தானுங்க. சொந்தம் விட்டுப்போகுமா? ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். எலெக்சன் முடிஞ்சு நான் போன் போட்டா, எப்பவும் போலக் கேப்பீங்களா?"

"இதென்னங்க கேள்வி! எனக்கு எல்லா நேயரும் ஒண்ணுதான்."

"உங்களுக்கு ஒண்ணா இருக்கும் சாமி. எனக்கு ஒண்ணா இருக்குமான்னுதான் தெரியலீங்க" என்றார்.

சண்டைக்கு வந்த மாதிரி சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். நிலையத்து விதியென்றால் எதிர்த்து மல்லுக்கட்டலாம். இந்த மனுஷனிடம் என்ன மல்லுக்கட்டுவது? விதி தடுத்தது பாதி என்றால் இவர் கேட்டது மீதி. வீட்டுக்குப் போன கையோடு நங்கையிடம், "மன்னிச்சுக்கோங்க, நான் மைக் பிடிக்க முடியாதுங்க. ஊட்டுக்குள்ள என்ன வேலை சொன்னாலும் செய்யறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"நாலு வார்த்தை பேச நாக்குல என்ன புண்ணா? ஊரு முச்சூடும் பேசற, எனக்குன்னா மட்டும் வாய் ஒட்டிக்குதா?" என்று பொரிந்து தள்ளினார் நங்கை. ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் பொண்டாட்டி. நடுவில் நின்ற என் வீட்டுக்காரர், "மொளகு பழுத்துக் கெடக்குது, நான் போய்ட்டு வாரேன்" என்று கொக்கியை எடுத்துக்கொண்டு நழுவினார். பழுத்ததெல்லாம் முந்தின நாளே பறித்தாயிற்று. மனுஷனுக்குப் பயம்.

அந்த வாரமே ஒரு நாள், வாசலூர்பட்டிச் சரிவில் இருக்கிற எங்கள் இன்னொரு தோட்டத்தில் ஏணி மேல் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மரத்தில் கூட வேலை செய்கிற அக்கா. திடீரென்று சரிவுக்குக் கீழேயிருந்து என் குரல் வந்தது. நல்ல கணீரென்று, என் குரலேதான்.

"இவிங்க கையில ஒரு வேலையைக் குடுத்தா முடிக்காம விடமாட்டாங்க! இப்படி ஒரு மனுஷி கெடைக்க நாம குடுத்து வெச்சிருக்கோணும்!"

"ஏனுங்க, நீங்க இங்க இருக்கறீங்க. ரேடியோவுலயும் பேசறீங்க?" என்றார் அக்கா.

எனக்கு ஏணி ஆடியது. நங்கை புது வீடு குடிபோனபோது நான் மைக் பிடித்து அவரைப் புகழ்ந்த பேச்சு அது. யாரோ போனில் எடுத்து வைத்திருந்தார்கள். நங்கை அதை ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய ஜீப்பில் போட்டு விட்டிருக்கிறார்! சரிவிலிருந்து ஜீப் கண்ணுக்குத் தெரியாது, குரல் மட்டும்தான் மேலே ஏறி வரும். கேட்கிறவர்களுக்கு அது ரேடியோதான். ஐயோ, போச்சே போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டு இறங்கினேன்.

ரோடு வளைந்து வளைந்து போகும், ஒற்றையடிப் பாதை நேராக இறங்கும். ஜீப்பைப் பிடித்துவிடலாம் என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் என் பேச்சின் கடைசிப் பகுதி காதில் விழுந்தது.

"வந்தவிங்க யாரும் வெறும் வயித்தோட போகக்கூடாது! பந்தி போட்டாச்சு. எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்!"

டிரைவர் முழுப் பேச்சையும் போட்டுவிட்டார். எங்கே நிறுத்துவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கீழே ஏரிக்கரைப் படகு இல்லத்துப் பக்கம் ஜீப்பைச் சுற்றி ஒரே கூட்டம். தோட்டத்தில் இருந்தவர்கள் கை கழுவிக்கொண்டு வந்திருந்தார்கள். படகு விட வந்த சுற்றுலாக் குடும்பம் ஒன்று குழந்தைகளோடு முன்னால் நின்று, பந்தி எந்தப் பக்கம் என்று டிரைவரைக் கேட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸில் என்னைக் கேள்வி கேட்ட அந்த வீட்டுக்காரரும் அங்கே இருந்தார். "ஓட்டுக்குச் சோறா? கேஸ் ஆயிப்போகுமுங்க!" என்று கூட்டத்தில் சத்தம். வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போயிருந்த நங்கை, சத்தம் கேட்டு ஓடி வந்து ஜீப்புக்குள் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மைக்கை வாங்கினேன். மூச்சு வாங்கியது.

"வணக்கமுங்க. ஒரு சின்னத் திருத்தம். நீங்க கேட்டது என்ற குரல்தான். ஆனா அது ரேடியோவுல சொன்னது இல்லீங்க. இவிங்க ஊடு குடிபோன அன்னிக்கு ஊட்டு ஆளாப் பேசினது. அன்னிக்குச் சோறு உண்டு. இன்னிக்கு இல்லீங்க. ஓட்டு யாருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். தடங்கலுக்கு வருந்துகிறோம்."

கடைசி வார்த்தை பழக்கத்தில் வந்துவிட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண், "அப்ப இவிங்க நல்லவிங்கன்னு சொன்னது பொய்யுங்களா?" என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். பொய் என்றால் நங்கையை ஊருக்கு முன்னால் அறைந்த மாதிரி. நிஜம் என்றால் அதுதான் பிரசாரம். ஒரு நிமிஷம் அசந்தாலும் என் வாய் நிஜத்தைச் சொல்லிவிடும். அது நிஜம்தானே!

"அதை அவிங்களையே கேளுங்க" என்று மைக்கை நங்கையின் கையில் திணித்துவிட்டு இறங்கினேன்.

நங்கை அதுவரை மைக்கைத் தொட்டதில்லை. அது வீலென்று கத்தியது. அவரும் பதிலுக்குக் கத்தினார். "எனக்கு மைக்குல பேசத் தெரியாதுங்க. ஆபீசுல போய்ச் சத்தம் போடத் தெரியும். மேட்டு வளவுக்குத் தண்ணி ஏறலை. நான் ஏத்தறேன். ஏத்தலைன்னா கொடத்தோட வந்து என்ற ஊட்டு வாசல்ல நில்லுங்க. சோத்துக்கு மன்னிச்சுக்கோங்க!" முதலில் கை தட்டியது அந்தச் சுற்றுலாக் குடும்பம். அவர்களுக்கு இங்கே ஓட்டே கிடையாது.

நங்கை ஜெயித்துவிட்டார். மாலையோடு எங்கள் வீட்டுக்கு வந்து தம்பியிடம் பேசினார், என்னிடம் பேசவில்லை. பலகாரம் வந்தது, வார்த்தை வரவில்லை. எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. தேர்தலுக்குப் பிறகு நேரலைக்கு, எதிர்த்து நின்ற அம்மாவின் வீட்டுக்காரரிடமிருந்து போன் வரவே இல்லை. முதல் மணி அடிக்கும்போதெல்லாம் அவராக இருக்குமோ என்று எடுப்பேன். வேறு யாராவது கோழிக்குச் சளி என்பார்கள். ஒரே தேர்தலில் இரண்டு பேரையும் இழந்துவிட்டேன் என்று நினைத்தபோது மனசு வலித்தது.

பிறகு ஒரு வாரம், முதல் போனே அவருடையது.

"வணக்கமுங்க. மொளகு நாத்து வாடுதுங்க. மருந்து கேக்கலை, தண்ணியே இல்லீங்க. எங்க மேட்டு வளவுக்கு ஏத்தறேன்னு சொன்ன தலைவரம்மா இன்னும் ஏத்தலை."

எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அவர் குற்றம் சொன்னது என் நங்கையை! "நியாயமான கேள்விங்க. பொறுப்புல இருக்கறவங்க கேட்டுக்கிட்டு இருந்தா பதில் சொல்லலாம்" என்றேன். அடுத்த போன் உடனே அடித்தது.

"வணக்கமுங்க" என்றது தெரிந்த குரல்.

"வணக்கம். யாரு பேசறீங்க?"

மறுமுனையில் ஒரு செருமல். "பஞ்சாயத்துத் தலைவர் பேசறனுங்க. மோட்டார் வந்துருச்சு. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள தண்ணி ஏறுமுங்க."

"ஏறலைன்னா என்னங்க செய்யறது?"

"ஏறலைன்னா அவரை மறுபடி போன் போடச் சொல்லுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் நங்கை.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வருவதற்குள் என் போன் அடித்தது. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகி எடுத்தேன்.

"ஏண்டி கண்ணு, யாரு பேசறீங்கன்னா கேக்கற? எனக்காக ஒரு வார்த்தை தாங்கிப் பேசுவேன்னு பாத்தேன். பேசலை."

"நங்கை, அது வந்து..."

"இரு. நானே சொல்லி முடிக்கறேன். அந்தாளு என்ற ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டாரு. என்ற ஆபீசுக்கும் வரமாட்டாரு. ஓட்டுப் போடாத வளவு மொத்தமும் அப்படித்தான் இருக்குது. அவிங்களுக்கு என்ன வேணும்னு எனக்கு ஆரு சொல்லுவா? அன்னிக்கு நீ எனக்காகப் பேசியிருந்தா, உன்ற போனுக்கும் வந்திருக்க மாட்டாருடி."

"ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன். எனக்கே அதிசயம்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள ஏத்தியாகோணும். வையி, எனக்கு வேலை கெடக்குது" என்றார் நங்கை.