முந்நூற்று எழுபத்தைந்தும் க்ளைவின் தோளும்

என் அக்காள் புருஷன் க்ளைவ் பார்ன்ஃபீல்டுக்கு எருமை வேட்டைக்கு வழிகாட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. டார்வினுக்குப் பக்கத்தில், மேரி ஆற்றங்கரையில் நோலா நடத்தும் வேட்டை முகாமுக்கு வருகிறவர்கள் அவரைக் கேட்டுத்தான் வருவார்கள். வந்தவன் எருமையைக் காயப்படுத்திவிட்டால், அதை முடிக்க வேண்டியவர் வழிகாட்டி. அதற்காக நானூற்று ஐம்பத்தெட்டு காலிபர் ரைஃபிள் ஒன்றைச் சுமந்துகொண்டே இருபது வருஷம் நடந்தார்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் சேற்றில் வண்டி கவிழ்ந்தது. டார்வின் ஆஸ்பத்திரியில் வலது தோளுக்குள் இரும்புத் தகடு வைத்தார்கள். சுடும்போது ரைஃபிள் பின்னால் உதைக்கிற உதையை இனி அந்தத் தோள் வாங்கக் கூடாது என்றார் டாக்டர்.

"கூடாதுன்னா? அப்புறம் நான் என்ன, கூடை பின்னட்டுமா?" என்று அக்காளிடம் கத்தினார்.

அப்போது நான் பட்டம் வாங்கிவிட்டு வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லாமல் விடமாட்டேன். ஆசிரியர் வேலைக்கு உத்தரவு வரும்வரை முகாமில் வண்டி ஓட்டினேன்.

தோளுக்கு எந்தக் காலிபர் ஒத்துவரும் என்று க்ளைவ் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். காலிபர் எண் கூடக் கூட குண்டும் பெரிது, உதையும் பெரிது. முந்நூற்று எட்டு காலிபரைத் தோள் பொறுத்துக்கொண்டது. ஆனால் அது மானுக்கு ஆகும். நேரே பாய்ந்து வரும் எருமையை நிறுத்தாது. முந்நூற்று எழுபத்தைந்து நிறுத்தும். ஆனால் அதில் ஒரு தோட்டா சுட்டுவிட்டு, வலியில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நோலாவின் சட்டமோ, முந்நூற்று எழுபத்தைந்துக்குக் கீழே எந்த வழிகாட்டியும் தூக்கக் கூடாது என்பது.

சீசனின் முதல் நாள் காலையில் வழிகாட்டிகள் எல்லாரும் அவள் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். காகிதம் மாதிரி பட்டை உரியும் ஒரு மரத்தில் மாவு டின் மூடியை ஆணியடித்து வைப்பாள். நூறு கஜத்தில் மூன்று தோட்டா. ஒன்று தப்பினாலும் அந்த வருஷம் வேலை இல்லை.

க்ளைவ் தோட்டாக்களுக்கு வெடிமருந்தை வீட்டிலேயே அடைப்பவர். உதை குறையட்டும் என்று, முந்நூற்று எழுபத்தைந்துக்குப் பாதி மருந்து போட்டு ஒரு கைப்பிடித் தோட்டா செய்தார். அடையாளத்துக்கு அக்காளின் நகப்பூச்சை அடியில் தொட்டு வைத்தார். மருந்து குறைந்தால் குண்டு தாழ்ந்து விழும். அதற்கு ஏற்றபடி, குண்டு மேலே போகும்படி, குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திருகி வைத்தார்.

"மூணு குண்டையும் காட்டிட்டு, அப்புறம் முழு மருந்துக்குத் திருப்பி வெச்சிடுவேன், மச்சான்."

"சும்மா திருகினா போதாதே மச்சான். முழுத் தோட்டா நாலஞ்சாவது சுட்டுச் சரிபாக்கணும்" என்றேன்.

"பட்டதாரி சொல்லிட்டாரு, கேட்டுக்குங்க எல்லாரும்!"

முதல் நாள் காலையில் மூன்றும் மூடியில் விழுந்தன. நோலா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, போய்ச் சாப்பிடு" என்றாள்.

ஸ்கோப்பைத் திருப்பி வைக்க வேண்டும். தினமும் சாயங்காலம் முழுத் தோட்டாப் பெட்டியை எடுப்பார், மூடியைத் திறப்பார், தோளைத் தடவுவார். "நாளைக்குப் பாத்துக்கலாம்." நாளைக்கும் அதேதான்.

மெல்போர்னிலிருந்து மர்ரே என்று ஒருவன் வந்தான். பல் வைத்தியன். புதிதாக வாங்கிய நானூற்று அறுபது காலிபர் ரைஃபிளைக் குழந்தை மாதிரி போர்வையில் சுற்றி வைத்திருந்தான்.

"இதவிடப் பெருசு இந்த ஊர்ல இருக்கா க்ளைவ்?"

"இருக்கு. ஆனா அதுக்குச் சக்கரம் இருக்கும். பீரங்கின்னு சொல்லுவாங்க."

சமவெளியில் தனியாக நின்ற கிழட்டுக் காளையைக் காட்டினார் க்ளைவ். மர்ரே குறிவைத்தான். விசையை இழுக்கும் முன்பே உதைக்குப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். குண்டு வயிற்றில் பட்டது. காளை திரும்பி, திறந்த சேற்றில் கோரைப் புதரை நோக்கி ஓடியது. கோரைக்குள் போய்விட்டால் முதலைகள் கிடக்கும் தண்ணீர். யாரும் பின்னால் போக முடியாது.

க்ளைவ் மண்டியிட்டார். உள்ளே இருந்தது முழு மருந்துத் தோட்டா. மேலே இருந்தது பாதி மருந்துக்குத் திருகிய ஸ்கோப். சுட்டார். குண்டு காளையின் முதுகுக்கு மேலே போய் அந்தப் பக்கம் சேறு தெறித்தது.

"ஐயோ... ஸ்கோப்பு" என்றார். அவ்வளவுதான். அடுத்த தோட்டாவை ஏற்றக் கை எழவில்லை. வலது கை, துணி மாதிரி தொங்கியது.

"மர்ரே, சுடு! சுட்டுத் தொலை!"

மர்ரே ரைஃபிளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். காளை கோரைக்குள் நுழைந்தது.

ஓரத்திலேயே நின்றோம். உள்ளே அது மூச்சு விடுவது கேட்டது. இழுத்து இழுத்து, நடுவே ஒரு முனகல். பொழுது சாயும்வரை நிற்கவில்லை அந்தச் சத்தம். க்ளைவ் இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்தபடி, கடைசிவரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கோரைக்கு மேலே பருந்துகள் வட்டமிட்டன.

நோலா திட்டவில்லை.

"மூடியைச் சுட்ட அன்னிக்கே தெரியும் க்ளைவ். முந்நூத்து எழுபத்தஞ்சு அவ்வளவு மெதுவாவா சத்தம் போடும்?"

"தெரிஞ்சுமா என்னை அனுப்பினே?"

"வேற என்ன செய்யச் சொல்ற? இருபது வருஷம் ஆச்சேய்யா." அவள் கை நீட்டினாள். அவர் ரைஃபிளைக் கொடுத்தார்.

இப்போது முகாமில் போன் எடுப்பது க்ளைவ்தான். என்ன காலிபர் கொண்டுவரலாம் என்றுதான் வரப்போகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்.

"முந்நூத்து எழுபத்தஞ்சுக்குக் கீழ வேண்டாங்க" என்கிறார், ரிசீவரை இடது காதில் வைத்துக்கொண்டு. "என்னது, தோளா? ஆமாங்க, உதைக்கும். உதைக்கத்தான் செய்யும்."