வெற்றிடத்தைக் காட்டிய அம்புக்குறி

காக்கநாட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், பக்கத்து இருக்கை மலையாளிச் சேச்சிதான் அந்த மொழியை எனக்குக் காட்டினார். மனிதர் பேசும் மொழியல்ல, கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவதற்கான மொழி.

"பயப்படண்டா, இது பாவம் பாஷையாணு," என்றார். சாதுவான மொழியாம்; நாம் தப்பாக எழுதினால் அது எரிந்து விழாதாம். எந்த இடம் என்று அம்புக்குறி போட்டு, 'ஒருவேளை இதை எழுத நினைத்தீர்களா?' என்று கேட்குமாம்.

கொச்சங்காடி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். பணிவாகத்தான் பேசியது. எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. நான் பழகிய மொழிகளில் ஒரு பெயருக்குள் ஓர் எண்ணை வைத்துவிட்டு, பிறகு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். இதில் வைத்தது வைத்ததுதான். மாற்றம் வேண்டுமென்றால் பழையதைத் தொடாமல் புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளையும் கிடையாது; ஃபங்ஷன் என்கிற கட்டளைத் தொகுப்பு தன்னையே மறுபடி கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். அது எங்கே போய் நிற்கும் என்று யோசித்து எனக்குத் தலை சுற்றியது.

பழகுவதற்காக என் மச்சிக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதத் தொடங்கினேன். மச்சி என் அண்ணன் மனைவி, பொள்ளாச்சிக்காரி. ஆர்டர் எடுத்துச் சமைத்துக் கொடுக்கிறாள். பாத்திரங்களில் ஒட்டும் சீட்டில் சாப்பாட்டின் பெயரும் விலையும் தமிழில் வர வேண்டும் என்றாள். மலையாளப் பள்ளியில் படித்த நான் எழுத்தெழுத்தாகத் தேடி 'நெய்ச்சோறு' என்று அடித்தேன். பிழை வந்தது. அம்புக்குறி அந்தச் சொல்லையும் அதன் பின்னாலிருந்த விலையையும் தாண்டி, வரி முடிந்த பிறகு இருந்த வெற்றிடத்தைக் காட்டியது.

ஒன்றுமே இல்லாத இடத்தில் என்ன தப்பு? மத்தியானம் வரை அந்த வெற்றிடத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தைத் தேடினேன். கடைசியில்தான் தெரிந்தது, பிழை விலையில். வரியின் எழுத்துகளை எண்ணி இடம் பிடிக்கும் அம்புக்குறி வழி தவறிப் போயிருந்தது.

"மச்சி, நெய்ச்சோறுல எத்தன எழுத்து?"

அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அஞ்சு. ஏன்?"

"இது பத்துன்னு எண்ணுது."

"கொம்பையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணிருக்கும். பாவம், அதுக்கும் உன்னமாதிரி தமிழ் தெரியல போல."

திங்கட்கிழமை சேச்சியிடம் சொன்னேன். அந்த மொழியை யாரோ சிலர் ஒன்றுசேர்ந்து பொதுவில் வளர்க்கிறார்கள், நீயே திருத்தி அனுப்பலாம் என்றார். எப்படி என்று அவர்களுடைய இணையப் பக்கத்தில் எழுதியிருந்தது. முதலில் குறையை எழுதிப் போட்டு, இதை நான் செய்யலாமா என்று கேட்க வேண்டும். சரி என்றால் மொத்தத்தையும் நமக்கென்று ஒரு நகல் எடுத்து, அதில் திருத்தி, திருத்தம் சரிதான் என்று காட்ட ஒரு சோதனையும் எழுதி அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒருவருக்கொருவர் அன்பாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

அந்த அன்புதான் என்னை அதிகம் குழப்பியது. கொம்பையும் புள்ளியையும் எழுத்தோடு சேர்த்து எண்ணும்படி திருத்தி அனுப்பினேன். மொழியைப் பராமரிப்பவர்களில் ஒருவர் பதில் எழுதினார்: அருமை, மிக்க நன்றி, ஒரு இதயப் படம். கீழே இன்னொரு படம். அவருடைய திரையில் என் அம்புக்குறி இப்போது இடப்பக்கம் முன்னதாகவே நின்றுவிட்டது. 'நெ' ஒரே எழுத்துதான். ஆனால் திரையில் இரண்டு எழுத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறது.

சேச்சியிடம் காட்டினேன். "இவர் வேணும்னு சொல்றாரா, வேண்டான்னு சொல்றாரா?"

சேச்சி இரண்டு முறை படித்தார். "எனிக்கும் மனசிலாயில்ல," என்றார்.

மறுபடி திருத்தினேன். இப்போது என் திரையில் சரி, சேச்சியின் திரையில் தப்பு. ஒவ்வொரு திரையும் தமிழை ஒவ்வோர் அகலத்தில் காட்டியது. ஒவ்வொரு முறையும் நன்றியும் இதயமும் வந்தன. வைட்டிலாவில் பஸ் மாறும்போதுகூட போனைத் திறந்து அந்த இதயங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அவர்கள் என் திருத்தத்தைச் சேர்க்காமல் மூடினார்கள். வேறொருவர் வேறு வழியில் செய்தார்: இப்படிப்பட்ட வரிகளில் அம்புக்குறியை நம்பாமல், பிழையான சொல்லையே கீழே தனியாக எடுத்து எழுதிக் காட்டுவது. அதைச் சோதிக்க என் நெய்ச்சோற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள். புதிய பதிப்பு வந்தபோது நன்றி சொன்ன இடத்தில் என் பெயரும் இருந்தது.

மச்சி படித்துவிட்டு, "அப்ப நீ செஞ்சது உள்ள போச்சா, இல்லயா?" என்று கேட்டாள்.

"நெய்ச்சோறு போச்சு. நான் எழுதுனது போகல."

"அப்புறம் எதுக்கு நன்றி?"

எனக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு மனம் நிறைந்துதான் இருந்தது.

சில வாரம் கழித்துத் தாய்லாந்துக்காரர் ஒருவர், தன் மொழியிலும் இதேபோல ஏதோ கோணலாக வருகிறது என்று எழுதியிருந்தார். பராமரிப்பவர் அதில் என் பெயரைச் சேர்த்து, 'இந்த விஷயம் இவருக்கு நன்றாகத் தெரியும்' என்று போட்டிருந்தார். பக்கத்தில் இதயம். அந்தத் தாய்லாந்து எழுத்துகளை வெகுநேரம் பார்த்தேன். எது எழுத்து, எது அதன்மேல் உட்கார்ந்த குறி என்றுகூடப் பிரித்தறிய முடியவில்லை. 'நீங்கள் அனுப்பிய சொல்லில் எத்தனை எழுத்து?' என்று அவரிடமே கேட்டு எழுதினேன்.