மரக்காணத்தில் ஓய்ந்துபோன கேசட்

மரக்காணம் உப்பளங்களைப் பார்க்க எந்த மாதம் நல்லது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் போனது எழுபதுகளின் நடுவில், பொங்கல் கழிந்த வாரத்தில். ஊர் சுற்றப் போகவில்லை. கடற்காற்று பட்டால் அக்கா கொஞ்சம் தெளிவாளா என்று பார்க்கப் போனேன்.

அக்காவின் ஒரே மகள் வித்யா. முந்தைய ஆவணியில் காய்ச்சல் கண்டு, ஆறு வயதில் போய்விட்டாள். அக்கா பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். பாட்டையும் பேச்சையும் ஒன்றாகவே நிறுத்திவிட்டாள். மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரப் பெண் ஊர் திரும்பும்போது பேட்டரியில் ஓடும் சின்ன டேப் ரெக்கார்டரையும் ஒரு கேசட்டையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மேல்நாட்டில் அப்போது புதிதாகக் கிளம்பியிருந்த ஒரு வகை சங்கீதம் அது. ஆர்கனில் ஐந்தாறு ஸ்வரங்கள், அவையே திரும்பத் திரும்ப. வெகு நேரம் கழித்து ஒரே ஒரு ஸ்வரம் புதிதாக நுழையும். பிறகு அதையும் சேர்த்துக்கொண்டு பழைய சுற்று. அரைத்த மாவையே அரைப்பதற்கு ஒரு சங்கீதமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அக்கா காலையில் அதைப் போட்டால் படுக்கும்வரை அதுதான். பிடுங்கினால் சுவரில் தலையை முட்டிக்கொள்வாள். வருகிற திங்கட்கிழமை மனநல மருத்துவமனையில் சேர்த்துவிடலாம் என்று அவள் கணவர் முடிவெடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் போனது மகள்தான். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. அதற்குள் ஒருமுறை வெளியே கூட்டிக்கொண்டு போய் வருகிறேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

மெட்ராஸ் பாரிமுனையில் காலை ஐந்தரைக்குப் பேருந்து ஏறினோம். திண்டிவனம் வந்து சேரும்போது ஒன்பதைத் தாண்டிவிட்டது. அங்கிருந்து மரக்காணத்துக்கு வேறு பேருந்து, முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். சாலை அன்றைக்கு இருந்த லட்சணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கட்டணம் நினைவில்லை, இருந்தாலும் இன்று உங்களுக்கு உதவாது. பெருமுக்கல் மலை மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது. மடியில் கேசட் ஓடிக்கொண்டே வந்தது. கண்டக்டர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், ரேடியோ ரிப்பேரா? ஒரே எடத்துலயே சுத்துதே" என்றார். பேருந்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், பக்கத்தில் அக்கா இல்லாவிட்டால்.

அலுவலக நண்பர் ஒருவருடைய சித்தப்பா கோவிந்தனுக்கு அங்கே உப்பளம் இருந்தது. தங்கியது அவர் வீட்டில். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியலை எதிர்பார்த்துத் தை மாதத்தில் போகாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். மழை முடிந்து பாத்திகளைத் தயார் செய்கிற காலம் அது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை சேறு, மேலே அதே நிறத்தில் வானம். அடித்த காற்றில் உதட்டில் உப்புக் கரித்தது. அன்றைக்கு அந்த இடத்தைப் பார்த்ததும், இங்கே எதற்கு இவளைக் கூட்டி வந்தோம் என்று தோன்றியது.

பாத்தியின் தரை கெட்டிப்பட்டால்தான் விடுகிற உப்புத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் நிற்கும். அதற்காகப் பெண்களும் ஆண்களும் வரிசையாகத் தோளில் கை கோத்து, ஈர மண்ணைக் காலால் மிதிப்பார்கள். வலது, இடது, அரையடி நகர்வு, மறுபடி வலது, இடது. ஓரம் வரை போய் அப்படியே திரும்பி வருவார்கள். பாட்டு கிடையாது, காலடிச் சத்தம் மட்டும்தான். அக்கா கரையில் உட்கார்ந்து கேசட்டைப் போட்டுக்கொண்டாள்.

பிற்பகல் மூன்று மணி வாக்கில் பேட்டரி தீர்ந்தது. ஸ்வரங்கள் இழுபட்டு, கனத்து, கடைசியில் முனகி ஓய்ந்தன. அக்கா பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கேசட்டை வெளியே எடுத்துத் திரும்பப் போட்டாள். கடைத்தெருவுக்கு ஓடினேன். டார்ச் லைட்டுக்குப் போடுகிற பெரிய பேட்டரிதான் இருந்தது. அது இதில் நுழையாது. இனி என்ன ஆகுமோ என்று பதறிக்கொண்டே திரும்பி வந்தால், கரையில் டேப் ரெக்கார்டர் மட்டும் கிடந்தது. அக்கா பாத்திக்குள் நின்றாள், வரிசையின் நட்டநடுவில்.

விஷயத்தைக் கோவிந்தன் முன்பே அவர்களிடம் சொல்லியிருந்தாராம். சாவு விழுந்த வீட்டிலிருந்து வேலைக்குத் திரும்புகிறவர்களை அங்கே நடுவில்தான் நிறுத்துவார்கள். இரண்டு பக்கமும் ஆள் நகரும்போது, மனசு எங்கே இருந்தாலும் கால் தானாக நகர்ந்துவிடும். அஞ்சலை என்கிற பெண்தான் அக்காவைக் கைபிடித்து இறக்கியிருக்கிறாள். ஒரு மணி நேரம் மிதித்தார்கள். அக்காவின் காலும் மற்றவர்கள் காலோடு சேர்ந்தே விழ ஆரம்பித்தது. வேதனையை மறக்க வைக்க இது போதும் போலிருக்கிறதே என்று நானும் நிம்மதிப்பட்டேன்.

அப்போது அக்கா குனிந்து மண்ணைப் பார்த்தாள். அஞ்சலை அவளுக்குப் புரியவேண்டும் என்று, "கால்தடம் விழாம போற வரிக்கும் மிதிக்கணும்மா. இன்னும் லேசா விழுது பாரு" என்றாள்.

அக்கா கையை உதறிக்கொண்டு வரிசையை விட்டு விலகினாள். "வேணாம். அழிச்சிடாதீங்க" என்றாள். ஐந்து மாதத்தில் நான் கேட்ட முதல் பேச்சு அது. சேற்றிலேயே உட்கார்ந்து, வித்யா பெயரைச் சொல்லி அழுதாள். நான் ஓடப் பார்த்தேன். "அழட்டும், வுடு சார்" என்றாள் அஞ்சலை. வரிசையில் அக்கா நின்ற இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு மற்றவர்கள் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தோம். வேலை வேலைதான், அந்தப் பாத்தியை முடித்திருந்தார்கள். ஒரு தடமும் இல்லை. அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு பேருந்துக்கு நேரமாகிறது என்றாள்.

திரும்பும் வழியில் அவள் பேட்டரி கேட்கவில்லை. பெருமுக்கல் தாண்டியதும், வித்யாவின் கடைசி நாளைக் காலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கஞ்சி, ரிக்‌ஷா, ஊசி, ராத்திரி. முடித்ததும் மறுபடி கஞ்சியிலிருந்து. திண்டிவனத்தில் ஒருமுறை, மதுராந்தகத்தில் ஒருமுறை. அதே வார்த்தைகள், ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒன்று மட்டும் புதிதாகச் சேர்ந்தது. ஒருமுறை, குழந்தை உதட்டில் எண்ணெய் தடவச் சொன்னது. இன்னொருமுறை, ஜன்னலைச் சாத்தச் சொன்னது. அந்தக் கேசட்டை அவள் ஏன் விடவில்லை என்று எனக்கு மெல்லப் பிடிபட ஆரம்பித்தது. செங்கல்பட்டு வருவதற்குள் கடைசி ஒன்றும் வந்தது.

"ராத்திரி பாடினேன்டா. இன்னொரு தடவைம்மான்னா. போதும், தூங்குன்னுட்டேன்."

அக்காவை மருத்துவமனையில் சேர்க்கவில்லை. ஆனால் அதன்பிறகு அவள் பாடவும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: உப்பைப் பார்க்க வேண்டுமென்றால் பங்குனி, சித்திரையில் போங்கள். வெயில் ஏறும் முன்பே உப்பளத்துக்குப் போய்விடுங்கள், குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், கரையில் வழுக்கும். துக்கத்தில் இருக்கிற யாரையாவது அழைத்துப் போனால், திரும்பும் பேருந்தில் அவர்கள் பக்கத்திலேயே உட்காருங்கள். சொன்னதையேதான் சொல்வார்கள். இதை முன்பே சொல்லிவிட்டாயே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.