டெல்மரின் வண்டிக்கு அடியில் ஈரம்

டெல்மர் க்ரட்சிங்கர் தமக்கு எழுபத்தொரு வயதாகும்வரை, நெப்ராஸ்காவின் மேற்கில் உள்ள எங்கள் ஓல்டன் ஊருக்கு வெளியே, தாம் பிறந்த அதே வீட்டில்தான் வாழ்ந்தார். கோதுமையும் சோளமும் பயிரிட்டார். நாற்பது மாடுகள் வளர்த்தார். பேச்சில் மிகுந்த சிக்கனம் உடையவர். ஆலங்கட்டி மழை கோதுமையை முழுவதுமாகச் சாய்த்துவிட்டுப் போன ஆண்டில்கூட, நலம் கேட்டவர்களுக்கு "பரவாயில்ல" என்ற ஒரே சொல்லைத்தான் அவர் விடையாகக் கொடுத்தார். மார்ச் மாதத்தில் ஆர்லிஸ் ஊரைவிட்டுப் போன பிறகு அந்தச் சொல்லையும் விட்டுவிட்டார். தலையை மட்டும் அசைத்தார்.

ஆர்லிஸ் அவருடைய மனைவி. நாற்பத்தாறு ஆண்டுகள் தானியத் தூசியைச் சுவாசித்ததால் அவருடைய நுரையீரல் பழுதாகிவிட்டது. ஈரமும் தூசியும் இல்லாத இடத்தில் இருந்தால்தான் மூச்சு சீராகும் என்று மருத்துவர் கூறினார். ஆகவே அவர் அரிசோனாவில், டூசான் நகரத்தில் உள்ள தம் தங்கையின் வீட்டுக்குப் போனார். கோதுமை அறுவடை முடிந்ததும் வண்டியில் வந்து சேர்வதாக டெல்மர் வாக்குக் கொடுத்திருந்தார். விமானத்தில் ஏற அவர் என்றுமே உடன்பட்டதில்லை.

ஜூலை நடுவில் அறுவடை முடிந்தது. அந்த வாரத்தில்தான் அவருடைய பிக்கப் வண்டிக்கு அடியில் ஈரம் தென்பட்டது.

எங்கள் ஊரில் இத்தகைய செய்தி ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. கூட்டுறவுத் தானியக் கிடங்கில் காலைக் காப்பி குடிக்க ஆண்கள் அனைவரும் கூடுவர். வண்டிகள் சிமெண்டுத் தரையில் வரிசையாக நிற்கும். ஒரு வண்டி ஒரு சொட்டு விட்டாலும் ஊருக்கே தெரிந்துவிடும்.

"டெல்மர், உன் வண்டி நின்ன இடத்துலயே ஒண்ணுக்குப் போயிருக்குப்பா" என்றார் வெர்லின் ஸ்டட்ஸ்மன். பள்ளிக்கூட நாள்களிலிருந்தே இருவரும் நண்பர்கள். பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள்.

"உன் வண்டி மட்டும் ரொம்ப யோக்கியமா? அது நின்ன இடத்துல புல்லே முளைக்கிறதில்ல" என்றார் டெல்மர். வெர்லினின் கேலிக்கு மட்டும் அவர் சொல்லைச் சேமிப்பதில்லை.

வெர்லின் முழங்காலிட்டுக் குனிந்தார். பயணி அமரும் பக்கத்தில், உள்ளங்கை அளவுக்கு ஈரம் தேங்கியிருந்தது. விரலால் தொட்டார், தேய்த்தார், முகர்ந்தார், பின்னர் நாக்கிலும் வைத்துப் பார்த்தார்.

"பிசுபிசுப்பு இல்ல, அதனால எண்ணெய் இல்ல. சிவப்பா இல்ல, அதனால கியர் பெட்டி இல்ல. தித்திப்பும் இல்ல."

"தித்திச்சா காப்பில போட்டுக்கலாம்னு பாத்தியா?"

"சும்மா இருடா. ரேடியேட்டர்ல ஊத்துற பச்சைத் தண்ணி தித்திக்கும். இது வெறும் தண்ணி மாதிரி இருக்கு. ஆனா உன் வண்டில வெறும் தண்ணி ஏது?"

டெல்மர் ரேடியேட்டர் நீரின் மட்டத்தைப் பென்சிலால் குறித்துவைத்தார். ஒரு வாரமாகியும் மட்டம் குறையவில்லை. வீட்டில் இரவு படுக்கப்போகும்முன் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துவைத்தார். விடிந்து பார்த்தால் அட்டை காய்ந்திருந்தது. ஆனால் பன்னிரண்டு மைல் ஓட்டிக் கிடங்குக்கு வந்து நிறுத்தினால், பத்து நிமிடங்களுக்குள் அதே இடத்தில் அதே ஈரம். ரப்பர்க் குழாய் ஒன்றை மாற்றினார்கள், பயன் இல்லை. வண்டிக்குள் சூடேற்றும் பகுதியில் ஓட்டை விழுந்திருக்கும் என்றார் வெர்லின். அதைப் பார்க்க வேண்டுமானால் டாஷ்போர்டு என்னும் முன்பலகை முழுவதையும் கழற்ற வேண்டும்.

ஆர்லிஸும் நானும் தேவாலயத்தில் முப்பது ஆண்டுகள் அருகருகே நின்று பாடியவர்கள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிப் பேச்சுகளை நான் அவர் வாய்மொழியாகவே அறிவேன்.

"எப்ப வர்ற?" என்று ஆர்லிஸ் கேட்பார்.

"வண்டி ஒழுகுது" என்பார் டெல்மர்.

ஆயிரம் மைல் தொலைவு. பாதிக்கு மேல் மலையும் பாலைவனமும். ஒழுகுகிற வண்டியில் யாரும் புறப்படமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை ஆர்லிஸின் குரல் தாழ்ந்தது.

"உனக்கு வர இஷ்டம் இல்லேன்னா சொல்லிடு, டெல்மர். பாவம், அந்த வண்டி மேல பழி போடாத."

அன்று மாலை டெல்மர் முற்றத்தில் வண்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டு, இருட்டும்வரை தென்மேற்குத் திசையைப் பார்த்தபடி அமர்ந்திருந்ததாக வெர்லின் என்னிடம் கூறினார். புதன்கிழமை காலையில், முன்பலகையைக் கழற்றினாலும் சரி என்று தீர்மானித்து, பக்கத்து ஊரில் பட்டறை வைத்திருக்கும் ரோண்டா ஹவ்லிசெக்கிடம் வண்டியைக் கொண்டுபோனார். வேடிக்கை பார்க்க வெர்லினும் உடன் ஏறிக்கொண்டார்.

ரோண்டா வண்டிக்கு அடியில் குனியவே இல்லை. முன்னால் நின்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரும்போது வைப்பர் போட்டீங்களா?"

"தினமும் போடறேன். சோளம் ஆளுயரத்துக்கு வளந்துடுச்சில்ல, காத்துல ஒரே ஈரம்."

"அப்ப பின்பக்கத்துக் கண்ணாடி மட்டும் ஏன் பளிச்சுன்னு இருக்கு?"

முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மட்டும், ஒரு சாண் உயரத்துக்கு, மெல்லிய பனிப்படலம் பட்டையாகப் படிந்திருந்தது. ரோண்டா அதில் விரலால் ஒரு கோடு இழுத்தார். ஈரம் கண்ணாடியின் வெளிப்புறத்தில் இருந்தது.

"கண்ணாடி உள்ளேயிருந்து குளிருது. அதான் வெளியில பனி பிடிக்குது. ஏசி ஓடுதுங்க. கீழ சொட்டுறது ஏசி தண்ணி. சோளக்காட்டு ஈரம் வந்தப்புறம்தான் சொட்ட ஆரம்பிச்சிருக்கும்."

வெர்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏசியா! டெல்மர், நீ எப்படா டென்வர்ப் பட்டணத்துக்காரன் ஆன?"

எங்கள் ஊர் ஆண்கள் வண்டியில் ஏசி போடுவதைப் பெருங்குறையாகக் கருதுவர். கண்ணாடியை இறக்கி, இடது முழங்கையை வெளியே வைத்து ஓட்டுவர். அதனால் எல்லாருக்கும் இடக்கை கறுத்திருக்கும். ஆகவே அந்தத் தண்ணீரை அடையாளம் காண அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"அந்தப் பொத்தானை நான் தொட்டதே இல்ல" என்றார் டெல்மர். அவருடைய முகம் சிவந்துவிட்டது.

"தொட வேண்டாம். இந்தத் திருகுக் குமிழைப் பாருங்க. காத்து முன்கண்ணாடிக்குப் போற மாதிரி வெச்சிருக்கு. இப்படி வெச்சா, பொத்தானை அமுக்காமலே ஏசி ஓடும்; கண்ணாடியில மூச்சுப் புகை படியாம இருக்கறதுக்காக. காத்தையும் ரொம்ப மெல்ல வெச்சிருக்கீங்க, ஜன்னலும் திறந்திருக்கு. குளிர் உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த வெயில்ல இதை யாரு இப்படித் திருப்பி வெச்சது?"

டெல்மர் அந்தக் குமிழைப் பார்த்தார்.

"ஆர்லிஸ்" என்றார். "மார்ச்ல. டென்வர்ல விமானம் ஏத்திவிடப் போனப்ப. அவ இருமி இருமிக் கண்ணாடி முழுக்கப் புகை படிஞ்சுபோச்சு. 'ரோடு தெரியுதா உனக்கு?'ன்னு கேட்டுத் திருப்பி வெச்சா."

"ஒரே ஒரு திருப்பு, ஒழுகல் நின்னுடும்" என்று ரோண்டா கையை நீட்டினார்.

"வேண்டாம்மா."

வெர்லின் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தார். டெல்மரின் முகத்தைப் பார்த்தபின் மூடிக்கொண்டார். ரோண்டாவும் கையை இழுத்துக்கொண்டு, "வெறும் தண்ணிதானே. அது பாட்டுக்குச் சொட்டட்டும். வண்டி கலிபோர்னியா வரைக்கும்கூடப் போகும்" என்றார்.

டெல்மர் பட்டறைச் சுவரிலிருந்த தொலைபேசியை இரவல் கேட்டார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே! யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் ஆர்லிஸ்.

"வண்டில ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லேன்னா?"

"வெறும் தண்ணி."

"அவ்வளவுதானா? மூணு வாரமா அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

டெல்மர் செவியைக் கூர்மையாக்கிக்கொண்டு ஆர்லிஸின் மூச்சைக் கேட்டார். மார்ச் மாதத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் விசில் போன்ற ஓர் ஒலி எழும். இரவெல்லாம் பக்கத்தில் படுத்து அவர் கேட்ட ஒலி அது. இப்போது அது இல்லை. அமைதியாக, சீராக வந்துபோய்க்கொண்டிருந்தது மூச்சு. ஆர்லிஸ் திரும்பி வரப்போவதில்லை என்பது அவருக்கு அப்போது உறுதியாயிற்று. அதை நேரில் பார்த்து அறிய அஞ்சித்தான், காய்ந்த அட்டைகளை அவர் மூன்று வாரமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்கியா?" என்றார் ஆர்லிஸ்.

"இருக்கேன். வெள்ளிக்கிழமை கிளம்பறேன். ரெண்டு வாரம் மாட்டையெல்லாம் வெர்லின் பாத்துக்குவான்."

"ரெண்டு வாரமா?"

பட்டறை வாசலில் நின்ற வெர்லின், திரும்பிப் பார்க்காமலேயே, "எவ்வளவு நாளானாலும் பாத்துக்கறேன்னு சொல்லுடா" என்றார்.

டெல்மர் அதைச் சொல்லவில்லை. ஆனால் ஆர்லிஸின் செவியில் அது விழுந்திருக்க வேண்டும்.

"குளிர்கோட்டைச் சுமந்துக்கிட்டு வராத, டெல்மர். இங்க டிசம்பர்லகூட அது வேண்டியிருக்காது."

இப்போது ஜூலை முடிந்து ஆகஸ்ட்டு தொடங்கியிருந்தது. டிசம்பர் என்று அவர் சொன்னதை டெல்மர் கேட்டுக்கொண்டார், மறுக்கவில்லை.

"அங்க வண்டி நிறுத்த நிழல் இருக்கா?"

"ஒரே ஒரு மரம். அது கீழ வேற யாரையும் நிறுத்த விடறதில்ல நான்."