நிஜச் சண்டைக்கு எது உதவும்?

எங்கள் கேட் வாட்ச்மேன் காலைச் சுழற்றினால் மூன்றாம் மாடியில் என் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அடிப்பது காற்று. ஆனால் அவர் கால் எழும் நேரம் பார்த்துத்தான் அந்தக் காற்றும் வருகிறது.

விடிந்ததும் கேட்டைத் திறந்து, தொப்பியைக் கழற்றிப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டு, எதிரில் இல்லாத ஆளோடு சண்டை போடுவார். ஐம்பதைத் தாண்டியவர், ஒவ்வோர் உதைக்கும் முட்டி 'டிக்' என்று ஆட்சேபம் தெரிவிக்கும். இளமையில் வாங்கிய கறுப்பு பெல்ட் இப்போது அவர் அறையில் துணி காயும் கொடி. எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'.

இரண்டாம் மாடிக்காரரின் டிரைவர் பாக்ஸிங் பழகியவன். கார் துடைக்க வாளியை வைத்ததும் வழக்கு ஆரம்பமாகும்.

"மாஸ்டர், உங்க கராத்தே காத்தைத்தான் அடிக்கும். நிஜச் சண்டையில தாடையில ஒண்ணு விட்டா கதை முடிஞ்சுது."

"நீ தாடைக்கு வர்ற வரைக்கும் என் கால் என்ன தூங்கிட்டா இருக்கும்?"

"அப்ப ஜூடோ?"

"சட்டை போட்டவன்கிட்ட சரி. கழட்டிட்டு வந்தான்னா எதைப் பிடிப்ப, காதையா?"

"குஸ்தி?"

"நீ ஒருத்தனைக் கீழ போட்டு மேல படுத்துக்க. அவன் கூட்டாளி உன் முதுகுல உக்காந்து பேப்பர் படிப்பான்."

தீர்ப்பு என்றைக்கும் ஒன்றுதான்: மேல்தடுப்பு. முகத்துக்கு வரும் அடியை முன்கையை உயர்த்தித் தட்டிவிடுவது. "பழகிட்டா நினைக்கக்கூட வேணாம், கை தானா போயிடும்" என்பார்.

மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை. அவர், மனைவி, கல்லூரி போகும் மகள். வேலையோடு வந்த அறை. குடியிருப்பவர் மேல் கை ஓங்கினால் வேலையும் அறையும் அன்றே போய்விடும். முந்தைய வாட்ச்மேனின் பெட்டி படுக்கை தெருவுக்கு வந்தது அப்படித்தான்.

போன வாரம் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மகன் கேட்டுக்கு வெளியே ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். தண்ணீர் கேன் தூக்கிப் போயிருந்த மாஸ்டர் ஓடி வந்து திறப்பதற்குள் அவன் இறங்கிவிட்டான். "காது செவிடாடா?" போர்ட்டிகோ கூரை மறைத்ததால் எனக்குச் சத்தம்தான் கேட்டது. கன்னத்தில் இரண்டு அறை. எந்தப் பாணியிலும் சேராத, யாரிடமும் கற்காத அறை. மாஸ்டரின் கை அசையவே இல்லை.

சங்கம் கூடி விவாதித்து, ஹாரனை மென்மையாக ஒலிக்கும்படி அறிவிப்பு ஒட்டியது. டிரைவர் இப்போது பேசாமல் கார் துடைக்கிறான். மாஸ்டரின் தொப்பி காலையிலும் தலையிலேயே இருக்கிறது.

இதுவரை எழுதியதை, என் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். 'கை அசையவே இல்லை' என்ற இடத்துக்கு அவள் மறுபடி போகச் சொன்னாள்.

"அது தப்பும்மா. நான் ரூம் வாசல்லதான் நின்னேன். ரெண்டாவது அறைக்குக் கை எழும்பிடுச்சு. நெத்தி வரைக்கும் போயிடுச்சு." மடித்த சட்டையை மடியில் வைத்துவிட்டு முன்கையை உயர்த்தினாள், விரல்களை விறைப்பாக நெற்றியில் ஒட்டினாள். "அப்புறந்தான் இப்படி, சல்யூட்டா மாத்திக்கிட்டாரு."