படமாகாத மலை நாவல்

நாவலைப் படித்துவிட்டு அது படமாகுமா ஆகாதா என்று சொல்வதே உத்தியோகமாகிவிட்டால், பிறகு எந்தக் கதையையும் நிம்மதியாகப் படிக்க முடியாது. பிடித்த நாவலை மனசுக்குள் படமாக ஓட்டிப் பார்த்த உங்களுக்கும் அந்த அவஸ்தை தெரிந்திருக்கும். எனக்கு அதற்குச் சம்பளமே கொடுத்தார்கள், யுத்த காலத்தில், சேலத்துப் பக்கம் ஒரு படக் கம்பெனியில்.

கதை சொன்னேன்

முதலாளி புத்தகம் படிக்க மாட்டார். நான் கதையைச் சொல்ல, வெற்றிலை போட்டபடி கேட்பார். ஒரு நாள் கொல்லிமலையில் நடக்கும் ஒரு நாவலைச் சொன்னேன். கீழ்நாட்டு இளைஞன் ஒருவன் மலைக்குப் போகிறான். அவனுக்குச் சோறு போட்ட மலைப்பெண் விஷக்காய்ச்சலில் சாகிறாள். அவனும் காய்ச்சலில் விழுந்ததும், மலைக்காரர்கள் அவனைக் காட்டில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். படிக்கும்போது நானே இரண்டு இடத்தில் அழுதிருந்தேன். முதலாளிக்கும் கண் கலங்கியது.

ஆனால் பிலிம் சுருள் கிடைப்பதே அரிதாக இருந்த காலம்; தப்பான கதையில் வீணாக்க முடியாது. அவர் யோசித்துவிட்டு, "நேரா மலைக்குப் போ. அங்க உள்ளவங்க இப்படித்தான் பேசுறாங்களான்னு கேட்டுட்டு வா" என்றார்.

இரண்டு பக்க வசனம்

அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து ஏறி, மலைமேல் அரியூர் நாட்டில் பெரியண்ணன் என்ற விவசாயியின் வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை அவரும் மனைவி வெள்ளையம்மாளும் களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, முழுக் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மலைப்பெண் சாகும் அத்தியாயத்தை உரக்கப் படித்தேன். சாவதற்கு முன் அவள் காதலைப் பற்றியும் விதியைப் பற்றியும் இரண்டு பக்கம் பேசுவாள். என்னைக் கவர்ந்த இடமே அதுதான்.

படித்து முடித்து நிமிர்ந்தேன். மிளகைப் பரப்பிக்கொண்டிருந்த வெள்ளையம்மாளின் கை நின்றிருந்தது. போன மழைக்காலத்தில்தான் அவர்கள் மகள் காய்ச்சலில் போனாள் என்று பெரியண்ணன் மெல்லச் சொன்னார். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் புத்தகத்தைத் திறந்திருக்கவே மாட்டேன். அந்த அம்மாள் அழவில்லை. "அந்த நேரத்துல யாருங்க இத்தனை பேசுவாங்க? எம் மக தண்ணி மட்டுந்தானுங்க கேட்டா" என்றார்.

கம்பளித் தூளி

ஐந்தாறு நாளில் காய்ச்சல் என்னையும் பிடித்தது. குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. காய்ச்சலுக்கென்று கொண்டுபோன கொயினா மாத்திரைகள் தீர்ந்துவிட்டன. மலையில் ரோடு கிடையாது, டாக்டரும் கிடையாது. பெரியண்ணன் அக்கம்பக்கத்தில் மூன்று பேரைக் கூட்டி வந்து, மூங்கிலில் கம்பளியைத் தூளியாகக் கட்டி என்னைப் படுக்கவைத்தார். நான்கு பேரும் தோள் மாற்றி மாற்றி இறங்கினார்கள். வழுக்குப் பாறைகளில் அவர்கள் கால் தடுமாறும்போதெல்லாம் மூங்கில் தோளில் அழுந்துவது தெரிந்தது. தூளி மட்டும் தரையில் படவே இல்லை. வெள்ளையம்மாள் சுக்குத் தண்ணீர்ச் சொம்போடு பின்னாலேயே வந்தார்.

புளியஞ்சோலை ஓடைக்கரையில் என்னை இறக்கி, துறையூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தார்கள். வண்டியில் ஏற்றும்போது பெரியண்ணன் கேட்டார்: "ஏனுங்க சாமி, அந்தக் கதையில காச்சக்காரரைக் காட்டுல போட்டுட்டுப் போனாங்கன்னு சொன்னீங்களே, அவுங்க எந்த ஊருக்காரங்க?"

தூளிக் கம்பளியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன். நல்லவேளை, காய்ச்சலால் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வில்லன்

உடம்பு தேறியதும் முதலாளி முன்னால் போய் நின்றேன். எழுதியபடியே எடுத்தால் அது பாவம் என்றேன். அந்தப் பெண் தண்ணீர் மட்டும் கேட்கட்டும். மலைக்காரர்கள் அவனைச் சுமந்து இறங்கட்டும். அப்படி எடுத்தால் இதைப்போல் ஒரு படம் தமிழில் வந்திருக்காது என்று, வேலை போனாலும் போகட்டுமென்று சொல்லிவிட்டேன். அவர் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். கதை அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது.

"அப்போ வில்லன் யாருய்யா?"

"காய்ச்சல்தானுங்க."

புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். "காய்ச்சலுக்கு எவனய்யா வேஷம் கட்டுவான்?" என்றார்.

அந்த உத்தியோகத்தில் இருந்தவரை நான் வேண்டாமென்று சொன்ன நாவல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படமாயின. வேண்டுமென்று சொன்னவை இன்றும் பத்திரமாக, புத்தகமாகவே இருக்கின்றன.