யூமி பேருக்கு ஓர் அர்ச்சனை

...அதான் செல்வி, என் பேத்தியப் பொண்ணு பாக்க வந்தவங்க ஓடிட்டாங்கன்னு தெருவே பேசுதே, அது பொய்யி. யாரும் வரவே இல்ல. சென்னையில கம்பெனி வேலைய உட்டுட்டு வந்தவ, செவுத்தப் பாத்துப் படுத்தா, எழுந்திருக்கல. விடியறதுக்கு முன்ன நான் உப்பு வாரப் போவசொல்ல எப்பிடிக் கெடந்தாளோ, வெயிலேறித் திரும்பி வரசொல்லயும் அப்பிடியே கெடப்பா. மூடி வச்ச சோறு மூடினபடியே இருக்கும்.

கையில ஒரு புக்கு மட்டும். "எனக்குந்தான் படிச்சுக் காட்டேன்டி, காது சும்மாதானே கீது"ன்னேன். ஜப்பான்ல ஒரு சின்னப் பொண்ணு எழுதுன கதையாம், தமிழ்ல வந்திருக்குது. அட, என்னா கதைன்ற! யூமின்னு ஒருத்தி, பெரிய டவுன்ல பொட்டி மாரி ரூம்ல தனியா இருக்கா. வேலைக்குன்னு கெளம்புவா, ஆபீஸ் போவாம நாள் பூரா ரயில்லயே சுத்துவா. அம்மாக்காரி போன் பண்ணா, "சாப்ட்டேன்"னு பொய் சொல்லுவா. நம்மூரு பொண்ணு மாரியே இல்ல? உப்பளத்துல பொம்பளைங்களுக்கெல்லாம் நான்தான் தெனம் கதை சொல்லுவேன். "இன்னிக்காச்சும் துன்னாளா அந்தப் பொண்ணு?"ன்னு கேப்பாளுங்க.

ஒருநா பேத்தி புக்க மூடிட்டு, "அவ்ளோதான் ஆயா, முடிஞ்சிருச்சு"ன்னா. கடைசிப் பக்கத்துலயும் அவ ரயில்லதான் குந்தினு இருக்காளாம்! எனக்கு மனசு கேக்கல. வெள்ளிக்கெழம பேத்திய இழுத்துக்கினு ஈஸ்வரன் கோயிலுக்குப் போயி அர்ச்சனைத் தட்டு வாங்கிட்டேன். ஐயரு பேரு கேட்டாரு, "யூமி"ன்னேன். "நட்சத்திரம்?"னாரு. ஜப்பான்காரி நட்சத்திரத்துக்கு நான் எங்க போறது? வாய்ல வந்த "உத்திரட்டாதி"ன்னுட்டேன்.

"அது என்னுதாச்சே ஆயா"ன்னா. "இருக்கட்டுமேடி, ரெண்டு பேருக்கும் ஒரே சீக்குதானே"ன்னேன். சிரிச்சா, செல்வி! ஊருக்கு வந்ததுலேர்ந்து அன்னிக்குத்தான் சிரிச்சா. சிரிச்சிக்கினே கொடிமரத்தாண்ட உக்காந்து சொல்றா, "யூமியாவது ரயிலு உள்ள குந்தியிருந்தா ஆயா. நான் ரயிலு முன்னாடி உழுந்துடலாம்னு பிளாட்பாரத்து ஓரத்துல நின்னேன்."

கையில இருந்த தேங்கா மூடி நழுவிடுச்சு. வீட்டுக்கு வந்து மொத வேலையா அவ ரூம் தாப்பாளக் கழட்டுனேன். அதுலேர்ந்து உப்பளத்துக்கும் போவல. இப்ப கொஞ்சம் தேவல. ரெண்டு வாய் துன்றா, வாசல் வரைக்கும் வர்றா. இன்னிக்கி அவளா, "மாடியில துணி காயுது, நான் எடுத்தாறேன்"னு போனா. எனக்கு அவ்ளோ சந்தோஷம், உன்னத் திண்ணைக்குக் கூப்ட்டுப் பேச ஆரம்பிச்சிட்டேன்.

நாலு துணிதானே காயுது... அவ போயி எவ்ளோ நேரமாச்சு? இரு செல்வி. நானே போயி எடுத்துக்கினு வந்துடறேன்.